சபாவுக்கும் நாடகக் குழுவுக்கும் ஆள் சேர்க்க: டேட்டாவை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் ஒரு சபாவை நடத்துபவரிடமோ, வருடத்துக்கு ஐந்தாறு முறை மேடையேறும் நாடகக் குழுவிடமோ “உங்க நிகழ்ச்சிக்கு யார் வருகிறார்கள்?” என்று கேட்டால் பதில் உடனே வரும். மயிலாப்பூர், மாம்பலம் மாமா மாமிகள். காலேஜ் பசங்க. வழக்கமா வர்றவங்கதான். சரி, அந்த வழக்கமாக வருபவர்கள் எத்தனை பேர், போன வருடம் வந்துவிட்டு இந்த வருடம் வராதவர்கள் எத்தனை பேர் என்று அடுத்த கேள்வி கேட்டால் பேச்சு ஹால் வாடகைக்கும் ஸ்பான்சருக்கும் தாவிவிடும். அந்த இரண்டாவது கேள்விக்கு எண்ணால் பதில் சொல்ல ஒரு அமைப்பு என்னென்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

நடுத்தர அளவு சபா, சிறு நாடகக் குழு, ஆண்டு விழா நடத்தும் நடனப் பள்ளி ஆகியவற்றை மனதில் வைத்து எழுதுகிறேன். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஒபேரா மாதிரி இடங்கள் இதற்குச் சொந்தமாக மென்பொருளே செய்துகொண்டன. இன்று பல நாட்டு அரங்குகள் பயன்படுத்தும் டெஸிடூரா அங்கே பிறந்ததுதான். நமக்கு அவ்வளவு வேண்டாம். கூகுள் ஷீட் அல்லது எக்செல், வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் பொறுமையாக உட்காரக்கூடிய ஒருவர், அவர் கேட்டால் காகிதத்தை மறுக்காமல் எடுத்துக் கொடுக்கும் செயலாளர், இவ்வளவு போதும். மூன்றாவதுதான் கிடைப்பது கஷ்டம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது ஆள் பிடிக்க விளம்பரம் போடுவதற்கு முன்னால், ஒரு முறை வந்து போனவரை இரண்டாம் முறை வரவழைக்கப் பாருங்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் அந்த இரண்டாம் வருகையைச் சுற்றித்தான்.

முகவரி யார் கையில்?

படிகளுக்குப் போகும் முன் ஒரு சின்னப் பழங்கதை. சபா நாடகங்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், ஒரு குழு புது நாடகம் போட்டால் அதைச் சபாக்கள் வரிசையாக வாங்கிக்கொள்ளும். ஆண்டுச் சந்தா கட்டிய உறுப்பினர்கள் வந்து உட்கார்வார்கள். குழுவுக்கு டிக்கெட் விற்கும் தலைவலி கிடையாது, அதனால் ரசிகர் யார் என்று தெரிந்துகொள்ளும் தேவையும் கிடையாது. பெயரும் விலாசமும் சபாவின் பதிவேட்டில் இருந்தன. பிறகு டிவி தொடர்கள் வந்து, உறுப்பினர் எண்ணிக்கை சரிந்து, சபாக்கள் நாடகம் வாங்குவதைக் குறைத்தபோது, வருடக்கணக்கில் கைதட்டு வாங்கிய குழுக்களிடம் அந்த ரசிகர்களுக்கு ஒரு தபால் அட்டை போடக்கூட விலாசம் இல்லை. நலிவுக்கு வேறு பல காரணங்களும் உண்டு, ஆனால் இது பெரிய காரணம் என்றே நினைக்கிறேன். இன்று அதே இடத்தில் ஆன்லைன் டிக்கெட் தளங்கள் உட்கார்ந்திருக்கின்றன.

படி 1: மூன்று கேள்வியை எழுதி ஒட்டுங்கள்

டேட்டா என்றதும் கலர் கலராக டாஷ்போர்டு செய்ய ஆசை வரும். வேண்டாம். முதல் வருடத்துக்கு மூன்று கேள்வி போதும். ஒன்று, போன பன்னிரண்டு மாதத்தில் எத்தனை தனித்தனி ஆட்கள் (டிக்கெட் அல்ல, ஆட்கள்) வந்தார்கள்? இரண்டு, அவர்களில் எத்தனை பேர் இரண்டாவது தடவை வந்தார்கள்? மூன்று, திரும்பி வந்தவர்கள் எந்த வழியாக, எந்த நிகழ்ச்சியில் முதலில் உள்ளே வந்தவர்கள்? எந்த விவரத்தைச் சேகரிக்கும்போதும் இது இந்த மூன்றில் எதற்கு உதவும் என்று கேளுங்கள். உதவாது என்றால் விட்டுவிடுங்கள். ரசிகரின் தொழில், பிறந்த தேதி, பிடித்த ராகம் என்று இருபது கட்டம் வைத்த படிவத்தை யாரும் நிரப்ப மாட்டார்கள்.

படி 2: ஏற்கெனவே இருப்பதைத் தோண்டுங்கள்

பெரும்பாலான அமைப்புகளில் டேட்டா இருக்கிறது, ஒரே இடத்தில் இல்லை, அவ்வளவுதான். உறுப்பினர் பதிவேடு பீரோவில். கவுன்டரில் கிழித்த ரசீதுகளின் அடிக்கட்டை அட்டைப்பெட்டியில். டோனர் பாஸ் (நன்கொடையாளருக்குத் தரும் இலவச அனுமதிச் சீட்டு) யார் யாருக்குப் போனது என்ற பட்டியல் செயலாளரின் டைரியில். ஜிபே, போன்பேயில் வந்த பணத்தின் விவரம் பொருளாளரின் பேங்க் ஸ்டேட்மென்ட்டில். புக்மைஷோ மாதிரி தளத்தில் விற்ற கணக்கு யாரோ ஒருவரின் மெயிலில். வாட்ஸாப் குழுவின் உறுப்பினர்கள் ஒரு இளம் தன்னார்வலரின் போனில், அவர் வேலை மாறி பெங்களூர் போய்விட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டருக்குள் கொண்டுவருவதே முதல் மாத வேலை. பழைய அடிக்கட்டைகளை இருபது வருடத்துக்குத் தட்டச்சு செய்யத் தேவையில்லை. கடைசி இரண்டு வருடம் போதும், அதற்கு முந்தைய போன் நம்பர்களில் நிறைய செத்துப்போயிருக்கும்.

டிக்கெட் தளத்தோடு ஒப்பந்தம் போடும்போது ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: வாங்கியவரின் பெயரும் தொடர்பு விவரமும், அவர் சம்மதத்தோடு, எங்களுக்குக் கிடைக்குமா? சில இடத்தில் கிடைக்கும், சில இடத்தில் மொத்த எண்ணிக்கையும் பணமும் மட்டும்தான் வரும். கமிஷன் ஒன்றிரண்டு சதவீதம் கூடினாலும் விவரம் தரும் இடத்தையே எடுப்பேன். முடியாவிட்டால், கால்வாசி டிக்கெட்டையாவது சொந்த கூகுள் படிவம், யுபிஐ வழியாக விற்றுப் பாருங்கள்.

படி 3: வாசலில் எண்ணுங்கள்

இந்தப் படியில்தான் மற்ற ஊர் வழிகாட்டிகள் நமக்கு உதவாது. அவை டிக்கெட் விற்பனையை அப்படியே வருகையாக எடுத்துக்கொள்கின்றன. நம் ஊரில் ஒரு சாயங்காலக் கச்சேரியில் உட்கார்ந்திருப்பவர்களில் உறுப்பினர், டோனர் பாஸ், ஸ்பான்சர் கோட்டா, கலைஞரின் சொந்தக்காரர், அனுமதி இலவசம் என்று போட்ட மத்தியான கச்சேரிக்கு வந்து அப்படியே மாலைக்கும் தங்கிவிட்டவர் எல்லாரும் கலந்திருப்பார்கள். விற்ற டிக்கெட்டுக்கும் நிறைந்த நாற்காலிக்கும் சம்பந்தமே இருக்காது. முதல் இரண்டு வரிசை டோனர் சீட்டு காலியாகக் கிடக்க, பின்னால் ஜனம் நின்றுகொண்டிருப்பதையும் பார்க்கலாம்.

அதனால் ஒரு தன்னார்வலர் கையில் சொடுக்கி எண்ணும் சின்ன கவுன்டரைக் கொடுங்கள், அல்லது போனில் அதற்கான செயலியைப் போடுங்கள். நான்கு நேரத்தில் தலை எண்ண வேண்டும்: தொடக்கத்தில், முக்கால் மணி நேரம் கழித்து, தனி ஆவர்த்தனத்தின் (தாளவாத்தியக்காரர்கள் தனியாக வாசிக்கும் பகுதி) நடுவில், முடிவில் பாடும் மங்களத்தின்போது. நாடகம் என்றால் தொடக்கம், இடைவேளைக்கு முன், இடைவேளைக்குப் பின். ஆறரை மணிக்கு 140 பேர், ஏழேகாலுக்கு 210, தனியில் 150, முடிவில் 95 என்று ஒரு கச்சேரியில் வந்தால் அது ஒரு கதை சொல்கிறது. ஏழேகாலுக்கு உச்சம் என்றால் உங்கள் தொடக்க நேரம் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒத்துவரவில்லை. தனியில் 60 பேர் எழுந்தால் மிருதங்கக்காரர் மேல் பழி போடும் முன், அவர்கள் கேன்டீனுக்குப் போய்த் திரும்புகிறார்களா, பஸ் பிடிக்கக் கிளம்புகிறார்களா என்று வாசலில் நிற்பவர் பார்த்துச் சொல்லட்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. முதலாவது ரசனை விஷயம், அதை அப்படியே விட்டுவிடலாம். இரண்டாவது என்றால் கச்சேரியை அரை மணி முன்னதாக முடித்தாலே அவர்களில் பாதிப் பேராவது கடைசி வரை இருக்கக்கூடும்.

இலவச நிகழ்ச்சியில் ஆள் விவரம் எப்படி வாங்குவது? நுழைவிடத்தில் ஒரு க்யூஆர் பலகை, அதோடு பேனா கட்டிய நோட்டு ஒன்று. இரண்டும் வேண்டும், ஏனென்றால் எழுபது வயதுக்காரர் க்யூஆரை ஸ்கேன் செய்ய மாட்டார், இருபது வயதுக்காரர் நோட்டில் எழுத மாட்டார். கேட்க வேண்டியது நான்குதான்: பெயர், கைபேசி எண், பின்கோடு, இங்கே வருவது முதல் தடவையா. எழுதியவர்களில் இரண்டு மூன்று பேருக்குக் குலுக்கலில் கேன்டீன் கூப்பன் என்று அறிவித்தால் நோட்டு வேகமாக நிறையும். மார்கழியில் சபா கேன்டீனுக்கு இருக்கும் மவுசு சில வித்வான்களுக்கே கிடையாது, அதைப் பயன்படுத்திக்கொள்வதில் தப்பில்லை.

படி 4: ஒரே ஷீட், ஒரு வருகைக்கு ஒரு வரி

ஷீட்டில் ஒவ்வொரு வரியும் ஒரு வருகை. தேதி, நிகழ்ச்சி, கைபேசி எண், பெயர், பின்கோடு, எத்தனை சீட்டு, எப்படி வந்தார் (உறுப்பினர், கவுன்டர், ஆன்லைன், பாஸ், இலவசம்), கட்டிய தொகை, டிக்கெட் வாங்கிய தேதி. ஒரே ஆள் மூன்று தடவை வந்தால் மூன்று வரி. “முதல் வருகை”, “இரண்டாம் வருகை” என்று பக்கவாட்டில் நெடுவரிசை கூட்டிக்கொண்டே போகாதீர்கள், பிறகு எந்தக் கணக்கும் போட வராது.

இனி சுத்தம் செய்வது. தமிழ்ப் பெயர்களை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது. இனிஷியல் ஒரு ரசீதில் முன்னால், இன்னொன்றில் பின்னால். ஆங்கிலத்தில் எழுதும்போது சுப்ரமணியன் ஒருவரே ஐந்து விதமாக வருவார். கல்யாணத்துக்குப் பின் சிலருக்கு இனிஷியலே மாறும். அதனால் கைபேசி எண்தான் சாவி. அதிலும் சிலருக்கு முன்னால் சைபர், சிலருக்கு பிளஸ் 91, நடுவில் இடைவெளி என்று இருக்கும். முதலில் இடைவெளி, கோடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ரைட் (RIGHT) ஃபார்முலாவால் கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் தனி நெடுவரிசையில் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணை முதலில் ஏற்றும் நெடுவரிசையை எழுத்து வடிவத்தில் வைக்காவிட்டால் எக்செல் எண்ணைச் சுருக்கிக் காட்டி வெறுப்பேற்றும்.

நம் குடும்பங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் மகள் தன் போனில் புக் பண்ணுவாள், நங்கநல்லூரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருவார்கள். ஷீட்டில் இருப்பது சோழிங்கநல்லூர் பின்கோடு 600119, நாற்காலியில் இருப்பது நங்கநல்லூர் 600061. இதைத் தீர்க்க புக்கிங் படிவத்தில் “யாருக்காக வாங்குகிறீர்கள்: எனக்கு / பெற்றோருக்கு / நண்பர்களுக்கு” என்று ஒரு கட்டம் போதும். பெற்றோருக்காக வாங்குபவர் தனி வகை. அவருக்கு வீல்சேர் உண்டா, லிஃப்ட் உண்டா, எத்தனை மணிக்கு முடியும் என்ற தகவல்தான் தேவை, பாடகர் யார் என்பதை அப்பாவே பார்த்துக்கொள்வார்.

படி 5: கணக்கு

பிவட் டேபிள் (வரிகளைத் தொகுத்து எண்ணித் தரும் ஷீட் வசதி) ஒன்று போட்டு, கைபேசி எண் வாரியாக எத்தனை வருகை என்று எடுங்கள். ஒரு உதாரணத்துக்கு, 250 இருக்கை ஹாலில் வருடத்துக்கு ஆறு முறை நாடகம் போடும் குழு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 900 டிக்கெட் விற்றிருக்கிறது. எண் வாரியாகப் பார்த்தால் 520 எண்கள். அதில் ஒரே தடவை வந்தவை 430, இரண்டு தடவை 62, மூன்றும் அதற்கு மேலும் 28. அதாவது திரும்பி வந்தது 520-க்கு 90, கிட்டத்தட்ட 17 சதவீதம். “900 டிக்கெட் வித்தோம்” என்று பெருமைப்பட்ட குழு உண்மையில் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ புது அரங்கத்தையே திரட்டிக்கொண்டிருக்கிறது, அதற்கு ஒவ்வொரு முறையும் போஸ்டரும் இன்ஸ்டாகிராம் விளம்பரமும் முதலிலிருந்து.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. 2008-ல் அமெரிக்காவின் ஒன்பது பெரிய சிம்பொனி இசைக்குழுக்களின் டிக்கெட் பதிவுகளைச் சேர்த்து ஒரு ஆய்வு செய்தார்கள். முதல் முறை வந்தவர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பேர் திரும்பி வரவில்லை. அவர்களைத் திரும்ப வரவழைப்பதில் முன்னால் நின்ற காரணம் எது தெரியுமா? கார் நிறுத்த இடம். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகத் தோண்டிப் போட்ட மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை பக்கம் கச்சேரிக்குப் போய் வண்டி நிறுத்த இடம் தேடியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. வாசித்தது யார் என்பதைவிட அன்றைய மாலை எப்படிப் போனது என்பதே புது ஆளுக்கு நினைவில் நிற்கிறது.

கலிஃபோர்னியா சிம்பொனி என்ற ஒரு சின்ன இசைக்குழு, ஆப்ரி பெர்கவர் நிர்வாகியாக இருந்த காலத்தில், இதிலிருந்து ஒரு கறாரான முடிவு எடுத்தது: முதல் தடவை வந்தவரிடம் நன்கொடை கேட்காதே, சந்தா கேட்காதே, இன்னொரு தடவை வா என்று மட்டும் கேள். நம் சபாக்களில் பலவற்றில் வந்தவர் கையில் முதலில் விழுவது ஆயுள் உறுப்பினர் படிவம்தான்.

நம் உதாரணத்துக்குத் திரும்பினால், ஒரு முறை வந்த 430 எண்களில் பத்தில் ஒன்று, 43 பேர், இன்னொரு தடவை வந்தால், ஒருவர் சராசரி 1.4 டிக்கெட் வாங்குவதாக வைத்தால் 60 டிக்கெட். 300 ரூபாய் வீதம் 18,000 ரூபாய். செலவு சில வாட்ஸாப் செய்திகளும் ஒருவருடைய ஒரு மாலை நேரமும். அதே 43 பேரை விளம்பரம் போட்டுப் புதிதாக எடுக்க எவ்வளவு ஆகும் என்று உங்கள் போன நிகழ்ச்சியின் விளம்பரச் செலவைப் புது எண்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். இந்த ஒரு வகுத்தல் கணக்கைப் பார்த்தாலே கமிட்டி கூட்டத்தில் பாதி வாக்குவாதம் அடங்கிவிடும்.

இன்னும் மூன்று கணக்கு போடலாம். ஒன்று, முதல் வருகைக்கும் இரண்டாம் வருகைக்கும் நடுவே எத்தனை நாள். பெரும்பாலானோர் மூன்று மாதத்துக்குள் திரும்பியிருந்தால், மூன்று மாதம் தாண்டியவருக்கு அடிக்கடி செய்தி அனுப்பி வெறுப்பேற்ற வேண்டாம். இரண்டு, நிகழ்ச்சிக்கு எத்தனை நாள் முன்னால் டிக்கெட் வாங்குகிறார்கள். கடைசி இரண்டு நாளில்தான் பாதி விற்கிறது என்று தெரிந்தால், பத்து நாள் முன்பு ஹால் காலியாக இருப்பதைப் பார்த்துப் பதறி பாஸை வாரி இறைக்க மாட்டீர்கள். பாஸை அப்படி இறைத்தால் அடுத்த தடவை எல்லாரும் பாஸுக்காகவே காத்திருப்பார்கள், இது சென்னை நாடகக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வலி. மூன்று, பின்கோடு. மயிலாப்பூர் சபாவுக்கு வேளச்சேரி 600042-லிருந்தும் அண்ணாநகர் 600040-லிருந்தும் எத்தனை பேர் வருகிறார்கள், அதில் எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்று பாருங்கள். தூரத்திலிருந்து வந்து ஒரே தடவையோடு நின்றவர்கள் அதிகம் இருந்தால், அந்தப் பக்கத்தில் ஒரு பள்ளி அரங்கையோ கல்யாண மண்டபத்தையோ எடுத்து வருடத்துக்கு இரண்டு நிகழ்ச்சி நடத்தலாமா என்று யோசிக்க இடமிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. டிசம்பரை மற்ற மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். மியூசிக் அகாடமி 1928-ல் தொடங்கிய காலத்திலிருந்து வளர்ந்து வந்த மார்கழி சீசன் இன்று ஒரே மாலையில் ஊர் முழுக்கப் பல மேடையில் கச்சேரி என்ற நிலையில் இருக்கிறது. அந்த மாதத்தில் வெளிநாட்டிலிருந்து வந்து வாரக்கணக்கில் தங்கி ஒரு நாளைக்கு மூன்று கச்சேரி கேட்பவர் இருக்கிறார், உங்களுக்குப் போட்டியாக நாலு தெரு தள்ளி அதே நேரத்தில் பெரிய பெயர் ஒன்று பாடிக்கொண்டும் இருக்கும். போன டிசம்பரை இந்த டிசம்பரோடு, போன ஆடியை இந்த ஆடியோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பக்கத்தில் “அன்று எதிரே யார்” என்று ஒரு நெடுவரிசை வையுங்கள். மழை, தேர்வு, கிரிக்கெட் எல்லாம் அதிலேயே எழுதலாம்.

படி 6: ஆளைப் பிரித்துப் பேசுங்கள்

எல்லாருக்கும் ஒரே செய்தி அனுப்புவதுதான் பெரிய விரயம். நான்கு கூறாகப் பிரித்தால் போதும்: போன மூன்று மாதத்தில் முதல் தடவை வந்தவர், இரண்டு மூன்று தடவை வந்தவர், அடிக்கடி வருபவர், முன்பு வந்துகொண்டிருந்து ஒரு வருடமாகக் காணாதவர்.

முதல் வகைக்கு வந்த இரண்டு நாளுக்குள் ஒரு நன்றி, கூடவே அடுத்த நிகழ்ச்சி ஒன்றே ஒன்று. மாத நிகழ்ச்சி நிரல் முழுவதையும் அனுப்பாதீர்கள். “வணக்கம், ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்கு வந்ததற்கு நன்றி. அதில் நடித்தவர்களே அடுத்த மாதம் ஒரு நகைச்சுவை நாடகம் போடுகிறார்கள், முதல் தடவை வந்தவர்களுக்காக இரண்டாம் வரிசையில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம், வேண்டுமா?” என்ற மாதிரி. கேள்வியில் முடிந்தால் பதில் வரும். அடிக்கடி வருபவருக்குத் தள்ளுபடி தேவையில்லை, அவர் எப்படியும் வருவார். ஒத்திகை பார்க்கக் கூப்பிடுங்கள், ஒரு நண்பரை அழைத்து வரச் சீட்டு கொடுங்கள். காணாமல் போனவருக்குப் போன் பண்ணுங்கள், அதுவும் நிகழ்ச்சியை விற்காமல், உடம்பு சரியில்லையா, வீடு மாறிவிட்டாரா, போன தடவை ஏசி வேலை செய்யாததில் கோபமா என்று விசாரிக்க. நம் ரசிகர்களில் வயதானவர்கள் நிறைய, இந்த ஒரு போனுக்கு இருக்கும் மதிப்பு எந்த விளம்பரத்துக்கும் கிடையாது.

தொழில்நுட்ப விஷயம் இரண்டு. வாட்ஸாப்பின் சாதாரண பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்வரைதான் சேர்க்கலாம், அதுவும் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் செய்தி போய்ச் சேரும். அதனால் வாசல் பலகையிலேயே “எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்” என்று எழுதுங்கள். மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புவதானால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அனுப்புபவர் பெயரையும் செய்தி வாசகத்தையும் தொலைபேசி நிறுவனங்களின் டிஎல்டி பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். சீசனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது இதை ஆரம்பித்தால் கதை கந்தல்.

படி 7: சின்னதாகச் சோதியுங்கள்

“இளைஞர்களுக்குத் தள்ளுபடி கொடுத்தால் வருவார்கள்”, “ராக விளக்கம் போட்டால் புதியவர்கள் வருவார்கள்” என்று கமிட்டியில் ஆளுக்கொரு நம்பிக்கை இருக்கும். சண்டை போடாமல் சோதிக்கலாம். கைபேசி எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படையாக இருப்பவர்களுக்கு ஒரு வாசகம், இரட்டைப்படையாக இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஒன்றில் நூறு ரூபாய் தள்ளுபடி, மற்றதில் தள்ளுபடி இல்லாமல் நிகழ்ச்சிக்குப் பின் கலைஞரோடு கால் மணி நேரம் பேசலாம் என்ற அழைப்பு. ஒவ்வொன்றுக்கும் தனி புக்கிங் இணைப்பு. யார் அதிகம் வந்தார்கள் என்று ஷீட் சொல்லிவிடும்.

ஆனால் எண்ணிக்கை சின்னதாக இருக்கும்போது ஏமாறக்கூடாது. முப்பது பேருக்கு அனுப்பி இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் மூன்று என்று வந்தால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. இரண்டு பக்கமும் இருநூறு பேராவது இருக்கட்டும், அல்லது ஒரே சோதனையை மூன்று நான்கு நிகழ்ச்சியில் திரும்பச் செய்து கூட்டிப் பாருங்கள்.

படி 8: வராதவரையும் கேளுங்கள்

ஷீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் ஏற்கெனவே வாசல் தாண்டியவர்கள். தாண்டாதவர் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கலிஃபோர்னியா சிம்பொனியே 2016-ல், வர வாய்ப்பிருந்தும் வராத இளைஞர்களைக் கூப்பிட்டுக் கச்சேரி காட்டி, பீட்சா வாங்கிக் கொடுத்து, என்ன புரியவில்லை என்று கேட்டது. இசையைப் பற்றிப் பெரிய புகார் இல்லை. இணையதளத்தில் எழுதியிருந்த கலைச்சொற்களும் டிக்கெட் வாங்கும் முறையும்தான் பிரச்சினையாக இருந்தன. நாமும் பத்துப் பேரைக் கூப்பிட்டுச் செய்யலாம். நம் அழைப்பிதழை ஒரு தடவை புது ஆளாகப் படித்துப் பாருங்கள்: பாடகர் பெயர், பக்கவாத்தியக்காரர் பெயர்கள், இடம். எவ்வளவு நேரம் நடக்கும், நடுவில் எழுந்து போகலாமா, குழந்தையைக் கூட்டி வரலாமா, டிக்கெட் எங்கே, எதுவும் இருக்காது. ரசிகருக்கு இதெல்லாம் தெரியும் என்ற நினைப்பில் எழுதியது அது.

யூடியூப் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2020 மார்கழியில் கோவிட்டால் சபாக்கள் இணையத்துக்குப் போனதிலிருந்து பல அமைப்புகள் பார்வை எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்கின்றன. அனலிடிக்ஸில் ஊர் வாரியாகப் பாருங்கள். பார்ப்பவர்களில் பெரும்பகுதி அமெரிக்காவும் சிங்கப்பூருமாக இருந்தால் அவர்கள் ஜூலை மாத ஞாயிறு நிகழ்ச்சியின் நாற்காலியை நிரப்பப் போவதில்லை. ஆனால் டிசம்பர் பயணத் திட்டம் போடுபவர்களும், நன்கொடை தரக்கூடியவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். நிகழ்ச்சி நிரலை அவர்களுக்கு முன்னதாகவே, விமான டிக்கெட் எடுக்கும் முன், அனுப்புங்கள்.

சம்மதமும் சட்டமும்

தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. நோட்டில் எழுதி வாங்கியதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாலும் இதற்குள் வரும். எதற்காக எண்ணை வாங்குகிறோம் என்று தெளிவாக எழுத வேண்டும், அந்த அறிவிப்பைத் தமிழிலும் படிக்கும் வசதி இருக்க வேண்டும், “வேண்டாம்” என்று சொல்வது சம்மதம் கொடுத்த அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும். நடனப் பள்ளிகள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது: 18 வயதுக்குட்பட்டவர் விவரம் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். அரங்கேற்றப் பட்டியலை அலங்காரக் கடைக்காரருக்கும் வீடியோக்காரருக்கும் ஃபார்வர்ட் பண்ணும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். ஷீட்டை இரண்டு பேர் மட்டும் திறக்கலாம் என்று வையுங்கள், அது தனிநபர் ஜிமெயிலில் இல்லாமல் அமைப்பின் கணக்கில் இருக்கட்டும்.

எண்ணிடம் கேட்கக்கூடாதது

யாரை மேடையேற்றுவது என்ற முடிவை மட்டும் ஷீட்டிடம் ஒப்படைக்காதீர்கள். தலை எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் மத்தியான இலவசக் கச்சேரி எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம், பதினைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள், அதில் நால்வர் பாடுபவரின் குடும்பம். ஆனால் இன்று மாலை மேடையில் ஹால் நிரப்புகிறவர்களில் பலர் அந்த மத்தியான நேரத்தில் பாடி வந்தவர்கள். நவீன நாடகக் குழுவான கூத்துப்பட்டறை 1977-ல் தொடங்கியபோது யாராவது பிவட் டேபிள் போட்டிருந்தால் அது அடுத்த வருடமே மூடியிருக்கும். புது நாடகம், புதுக் கலைஞர், கூட்டம் வராத கலை வடிவம் ஆகியவற்றுக்கு வருடத்தில் இத்தனை நாள் என்று முன்பே ஒதுக்கிவிடுங்கள், அந்த நாட்களை வருகைக் கணக்கில் தனி நிறத்தில் வையுங்கள். அவற்றிலும் ஒன்றை மட்டும் பாருங்கள்: அங்கே முதல் தடவை வந்தவர் வேறு எதற்காவது திரும்பினாரா?

எப்போது ஆரம்பிப்பது என்றால் ஜூன், ஜூலை. டிசம்பரில் யாருக்கும் மூச்சு விட நேரமிருக்காது. முதல் மாதம் பழைய காகிதம், இரண்டாம் மாதம் ஷீட்டும் வாசல் நோட்டும், ஆகஸ்டிலிருந்து தலை எண்ணிக்கை, அக்டோபரில் முதல் சோதனைச் செய்தி. மார்கழியில் புதிதாக எதையும் முயற்சிக்காமல் எண்களை மட்டும் சேருங்கள், அந்தச் சீசனில் முதல் தடவை வந்தவர்களுக்கு நன்றிச் செய்தியும் ஜனவரி நிகழ்ச்சி ஒன்றுக்கான அழைப்பும் பொங்கலுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.